வயிற்றுக்கென்று ஒரு துறை

1994-ஆம் ஆண்டு ‘அன்னல்ஸ் ஆஃப் சர்ஜரி’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஆறு பேர்: ஏ.எஸ்.பிரசாத், எஸ்.குப்தா, வி.கோஹ்லி, ஜி.கே.பாண்டே, பி.சஹ்னி, எஸ்.நந்தி. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இரைப்பை, குடல், கல்லீரல் அறுவை சிகிச்சைக்கென்று இருந்த துறையின் கட்டுரை அது. 1976 முதல் 1992 வரை தங்கள் கைக்கு வந்த 160 குழந்தைகளின் கணக்கை அதில் எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நோய், ஒரே அறுவை. 20 குழந்தைகள் ரத்தப்போக்கு நிற்காமல் அவசரமாக மேசையில் கிடத்தப்பட்டவர்கள். மற்ற 140 பேருக்கு நாள் குறித்துச் செய்தார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தைக்குப் பிற்பாடு மீண்டும் ரத்தம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

இந்தியாவில் வயிற்று அறுவை சிகிச்சை தனித் துறையாகப் பிறந்த கதையை எங்கே தொடங்குவது என்று கேட்டால், இந்த நான்கு பக்கங்களில்தான் தொடங்குவேன். ஒரு கட்டடம் திறக்கப்பட்ட நாளிலோ, ஒருவர் பேராசிரியராகப் பதவியேற்ற நாளிலோ ஒரு துறை பிறந்துவிடுவதில்லை. ஒரு நோயைப் பிடித்துக்கொண்டு பதினாறு வருடம் விடாமல் இருந்து, வென்றதையும் தோற்றதையும் எண்ணி வைத்து, அதை உலகத்தின் முன்னால் வைக்கிறபோதுதான் பிறக்கிறது.

முதலில் அந்த நோயைச் சொல்லிவிடுகிறேன். நாம் சாப்பிட்டது குடலில் செரித்ததும், அந்தச் சத்தைச் சுமந்துகொண்டு ரத்தம் கல்லீரலுக்குப் போகிறது. குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய குழாய் வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. அதன் பெயர் போர்ட்டல் சிரை. சில குழந்தைகளுக்குப் பிறந்த சில காலத்திலேயே இந்தச் சிரை உறைந்து அடைத்துக்கொள்கிறது. தொப்புளில் ஏற்படும் சீழ்த்தொற்று ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சந்தேகிக்கிறார்கள். பல குழந்தைகளிடம் எந்தக் காரணமும் பிடிபடுவதில்லை. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு வழி தேடுவது போல, அந்த ரத்தமும் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகளின் வழியே மேலே ஏறப் பார்க்கிறது. அவை நாளடைவில் புடைத்து, முறுக்கிக்கொண்டு, சுவர் மெலிந்து நிற்கின்றன.

நாலைந்து வயதில் ஒரு நாள் அவற்றில் ஒன்று வெடிக்கிறது. வலி இல்லை, காய்ச்சல்கூடப் பல சமயம் இல்லை. நேற்று வரை தெருவில் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை வாய் நிறைய ரத்தம் கக்குகிறது. மலம் தார் போலக் கறுத்துப் போகிறது. தொட்டுப் பார்த்தால் இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தொப்புள் வரைக்கும் வீங்கியிருக்கும். இதில் மனத்தைப் பிசைகிற விஷயம், அந்தக் குழந்தையின் கல்லீரல் நன்றாகவே இருக்கிறது என்பதுதான். குடிகாரர்களுக்குக் கல்லீரல் சுருங்கி ரத்தம் கக்குவதும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலத் தெரிந்தாலும், உள்ளே முற்றிலும் வேறு. குழந்தை அந்த ரத்தப்போக்கைத் தாண்டிவிட்டால் முழு ஆயுளும் வாழ முடியும்.

மேலைநாட்டுப் பாடப்புத்தகங்களில் இந்த நோய்க்குக் கிடைத்தது சில வரிகள். இந்தியாவிலோ, குழந்தைகள் இப்படி ரத்தம் கக்குவதற்கு இதுவே பெரிய காரணம். எய்ம்ஸ் வாசலுக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் ரயிலேறி வந்து நிற்கும் ஏழைக் குடும்பங்களின் நோய் இது.

தில்லிக்கு வருவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். வயிற்றைத் திறந்து வைத்தியம் பார்ப்பது நமக்குப் புதிதன்று. கிழிந்த குடலின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துக் கட்டெறும்புகளைக் கடிக்க விட்டு, தலை மட்டும் கவ்வி நிற்கும்படி உடலைக் கிள்ளி எறியும் முறையைச் சுசுருத சம்ஹிதை விவரிக்கிறது. ஆனால் மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பிறகுதான் வயிற்றுக்குள் நிதானமாக வேலை செய்ய முடிந்தது. 1881 ஜனவரி 29-ஆம் தேதி வியன்னாவில் தியோடர் பில்ராத், புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து மிச்சத்தைக் குடலோடு இணைத்தார். அந்தப் பெண்மணி பிழைத்தெழுந்து வீடு திரும்பினார். நான்கு மாதங்களுக்குப் பிறகு புற்றுநோய் திரும்பி வந்து இறந்துபோனார். அதற்கு அடுத்த ஆண்டே பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் கணையத்தின் தலைப்பகுதியை எடுக்கும் அறுவையைப் பற்றி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்த விப்பிள் பின்னால் இன்னொரு தடவையும் வருவார்.

நம் மண்ணில் வயிற்று அறுவைக்கு ஆரம்பகாலப் பெயர் பெற்ற இடம் பெருநகரம் எதுவுமில்லை, நெய்யூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், அன்றைய திருவிதாங்கூர். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். ஒற்றை மருத்துவருக்காகக் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறியவர் அவர். ஆனால் தெற்கத்தி மக்களுக்கு அவர் வயிற்றுப்புண் டாக்டர். அந்தப் பகுதியில் சிறுகுடல் புண் அவ்வளவு அதிகம். புண் ஆறித் தழும்பாகி வழி அடைத்துக்கொண்டு, தின்றதெல்லாம் வாந்தியாக வெளியே வர, எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு இரைப்பையையும் சிறுகுடலையும் புது வழியில் இணைத்து அனுப்பினார். தன்னோடு பணியாற்றிய இயன் ஆர் என்பவருடன் சேர்ந்து, 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் அந்த அனுபவத்தை எழுதினார். ஒரு வட்டாரத்தின் நோயை அந்த வட்டாரத்திலேயே இருந்து படித்து, எண்ணி, எழுதும் வழக்கத்துக்கு நெய்யூர் நல்ல முன்னோடி.

ஆனால் சாமர்வெல் கண்ணும் பார்த்தார், எலும்பும் பார்த்தார், பிரசவமும் பார்த்தார். அந்தக் காலத்து ‘ஜெனரல் சர்ஜன்’ எல்லாவற்றுக்கும் ஒருவர்தான். கழுத்துக் கட்டி, குடலிறக்கம், மார்புப் புற்று, கணையம் எல்லாம் ஒரே மேசை, ஒரே கை. சாதாரண அறுவைகளுக்கு அது போதும். கணையத்துக்கும் கல்லீரலுக்கும் உணவுக்குழாய்க்கும் போதாது. விப்பிள் அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர், நான்கில் ஒருவர் என்று இறந்துபோன காலம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதே அறுவையைத் திரும்பத் திரும்பச் செய்கிற இடங்களில் இன்று இறப்பு நூற்றுக்கு ஐந்துக்குள் அடங்கிவிட்டது. கத்தியும் நூலும் மாறியதால் மட்டும் இது நடக்கவில்லை. ஒரே குழு தொடர்ந்து செய்ததால் கை பழகியது. ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தால் எதைச் சந்தேகிக்கவேண்டும் என்பது செவிலியருக்கும் பழகியது. வயிற்றுக்கென்று தனித் துறை வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இந்தியாவில் அதற்கு ஏற்ற இடமாக எய்ம்ஸ் இருந்தது. முதல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஊன்றி நின்று, நியூஸிலாந்து கொடுத்த உதவித் தொகையையும் வைத்து எழுப்பியது அது. 1956-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தன்னாட்சி நிறுவனமானது. வைத்தியம், படிப்பு, ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் என்பது அதன் ஆதார எண்ணம். மருந்தால் குணமாக்கும் வயிற்று மருத்துவத்தைப் பி.என்.டாண்டன் அங்கே வளர்த்தெடுத்தார். கத்தி எடுக்கும் பக்கத்துக்கு 1975-இல் ஒருவர் வந்து சேர்ந்தார்.

அவர் சமீரன் நந்தி. கேம்பிரிட்ஜிலும் லண்டன் கைஸ் மருத்துவமனையிலும் படித்தவர். ஹாமர்ஸ்மித், ஆடன்புரூக்ஸ், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை என்று அந்தக் காலத்தின் பெரிய இடங்களில் வேலை பார்த்தவர். ஐரோப்பாவில் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று அறுவையை 1968-இல் ராய் கான் செய்ததும் கேம்பிரிட்ஜில்தான். அங்கேயே இருந்திருந்தால் வசதிக்கும் புகழுக்கும் குறைவிருந்திருக்காது. இந்திய மருத்துவர்கள் விமானமேறி வெளியே போய்க்கொண்டிருந்த நாட்களில் அவர் எதிர்த்திசையில் வந்தார். எய்ம்ஸில் இரைப்பை, குடல், கல்லீரல் அறுவைக்கென்று ஒரு பிரிவை அமைத்து, அதைத் துறையாக வளர்த்தார்.

கேம்பிரிட்ஜில் கற்ற எந்தப் பாடமும் ரத்தம் கக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு நேரடியாகப் பொருந்தவில்லை. இங்கேதான் கதையின் முக்கியமான திருப்பம் இருக்கிறது.

அடைபட்ட ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பிவிடலாம் என்ற யோசனை பழையது. 1877-இல் ரஷ்யாவின் நிகோலாய் எக் நாய்களில் செய்து பார்த்தார். 1945-இல் அதே விப்பிள், மனிதர்களுக்குச் செய்த அனுபவத்தை எழுதினார். இதற்கு ‘ஷண்ட்’ என்று பெயர். ஆனால் மேலைநாடுகளில் இந்த அறுவைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கல்லீரல் சுருங்கியவர்கள். ரத்தம் கல்லீரலைத் தொடாமல் போய்விட்டால், நலிந்த கல்லீரல் மேலும் நலியும். வடிகட்டப்படாத நச்சு மூளைக்கு ஏறும். நினைவு தடுமாறும். அதனால் ஷண்ட் மீது அங்கே நம்பிக்கை குறைந்தது. 1980-களில் எண்டோஸ்கோப்பி வழியாகப் புடைத்த சிரைகளில் மருந்தை ஊசியால் ஏற்றி இறுக்கும் முறை பரவியதும், அறுவையின் காலம் முடிந்தது என்றே பலரும் எழுதினார்கள்.

தில்லிக் குழு அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எண்டோஸ்கோப்பி ஊசி ஒரு தடவையில் முடிகிற வேலையா? திரும்பத் திரும்ப வரவேண்டும். இடையில் ஊரில் ரத்தம் கக்கினால் ஏற்றுவதற்கு ரத்தம் எங்கே கிடைக்கும்? அடுத்த ரயிலுக்குப் பணம் யார் கொடுப்பார்கள்? நோயாளியின் ஊர், பயணச் செலவு, பக்கத்தில் ரத்த வங்கி இருக்கிறதா என்பது எல்லாம் சிகிச்சையைத் தீர்மானிக்கிற விஷயங்கள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் குழந்தைகளின் கல்லீரல் ஆரோக்கியமானது. ஆகவே மேலைநாட்டு நோயாளிகளுக்கு நேர்ந்த கேடு இவர்களுக்கு நேர வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே தடவை அறுவை, அதோடு ஊருக்குப் போய்விடலாம். அவர்கள் வாதம் இதுதான். இரவல் அறிவை ஒதுக்கிவிடாமலும், அதற்கு அடிமையாகாமலும் நோயாளியைப் பார்த்து யோசித்த யோசனை. அந்தத் துறையின் பெருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

அறுவை எளிதானது இல்லை. இடது விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்தால், எங்கே தொட்டாலும் ரத்தம். போக வழியில்லாத ரத்தம் சின்னச் சின்னச் சிரைகளையெல்லாம் உப்ப வைத்திருக்கும். முதலில் மண்ணீரலுக்குப் போகும் தமனியைத் தேடிக் கட்டுவார்கள். கட்டியதும் வீங்கிக் கிடந்த மண்ணீரல் கண்ணெதிரே சுருங்கும். அதில் தேங்கியிருந்த ரத்தம் குழந்தையின் உடம்புக்கே திரும்பிவிடும். இது குழந்தைக்குத் தன் ரத்தத்தையே ஏற்றியதற்குச் சமம். பிறகு மண்ணீரலை விடுவித்து எடுக்கவேண்டும். அடுத்து வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். மண்ணீரல் சிரை கணையத்தின் பின்புறமாக ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. கணையத்திலிருந்து அதில் வந்து சேரும் நூலிழை போன்ற கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டி, சிரையை விடுவிக்கவேண்டும். ஒன்று பிய்ந்தாலும் ரத்தம் பொங்கிக் கண்ணை மறைத்துவிடும்.

விடுவித்த சிரையை மடங்காமல், முறுக்காமல் வளைத்துக்கொண்டுவந்து இடது சிறுநீரகச் சிரையின் பக்கத்தில் வைப்பார்கள். அதன் ஓரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து, சிறிய வாய் வெட்டி, மயிரிழை போன்ற நூலால் இரண்டையும் தைப்பார்கள். சிறுபிள்ளையின் சிரை அது. நூலைச் சற்று அதிகம் இழுத்தால் வாய் சுருங்கும். சுருங்கினால் உறையும். உறைந்தால் அத்தனையும் வீண். தைத்து முடித்து இடுக்கிகளை எடுத்ததும், காலியாகக் கிடந்த சிரை நிறைந்து நீலம் பாயும். விரலை வைத்தால் ரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். அந்த அதிர்வுக்காகத்தான் அத்தனை மணி நேரம்.

மண்ணீரல் இல்லாத குழந்தைக்குச் சில கிருமிகளால் ஆபத்து கூடுதல் என்பதால் தடுப்பூசியும் பென்சிலினும் தேவைப்படும். சில குழந்தைகளுக்கு இணைப்பு அடைத்துக்கொண்டதும் உண்டு. ஆனாலும் 15 வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்று அந்தக் கட்டுரையில் கணக்கிட்டிருந்தார்கள். கைப்பேசி இல்லாத காலம் அது. கிராமத்துக்குத் திரும்பிவிட்ட ஒரு குழந்தை பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதே தனி உழைப்பு. பின்னாளில் ரத்தத்தைக் கல்லீரலுக்கே திருப்பிக் கொண்டுசெல்லும் புது அறுவைமுறை பெல்ஜியத்தில் வந்தது. சிரைகளை ரப்பர் வளையத்தால் கட்டும் எண்டோஸ்கோப்பியும் வந்தது. இன்று எந்தக் குழந்தைக்கு எது என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். அப்படி ஒப்பிட்டு முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டுமில்லையா? அந்த 160 பேரின் கணக்கு அதற்குப் பயன்பட்டது.

இதே காலத்தில் சென்னையிலும் இந்தத் துறை பிறந்துகொண்டிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நடேசன் ரங்கபாஷ்யம் இரைப்பை குடல் அறுவைக்குத் தனித் துறையை நிறுவினார். அதை ஒரு பட்டப்படிப்பாக்கி, மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் வழியை இந்தியாவுக்குக் காட்டியவர் அவர்தான். குடியரசுத் தலைவரின் கௌரவ அறுவை மருத்துவராக இருந்தார். 2002-இல் பத்மபூஷண் பெற்றார். 2013-இல் மறைந்தார். தில்லிக்காரர்கள் எழுதும் வரலாற்றில் சென்னையும், சென்னைக்காரர்கள் சொல்லும் வரலாற்றில் தில்லியும் ஒரு வரியில் முடிந்துவிடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. யார் முதல் என்ற போட்டியே இங்கே தேவையில்லை. சென்னை பட்டத்தையும் பாடத்தையும் தந்தது. தில்லி கணக்கெழுதும் பழக்கத்தைத் தந்தது. இரண்டும் இல்லாமல் துறை நின்றிருக்காது.

நோயும் இரண்டு ஊருக்கும் ஒன்றாக இல்லை. கங்கைச் சமவெளியில் பித்தக்கல்லும் பித்தப்பைப் புற்றும் மிக அதிகம். தில்லிப் பெண்களிடம் பித்தப்பைப் புற்றின் விகிதம் உலக அளவிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்று. தெற்கே அது அரிது. அதனால் தில்லியின் ஜி.பி.பந்த் மருத்துவமனை மாதிரியான இடங்களில் அறுவை மருத்துவர்கள் பித்தப்பையோடு மல்லுக்கட்டியபோது, தெற்கில் இருந்தவர்கள் வயிற்றுப்புண்ணோடும், நீண்டகாலக் கணைய அழற்சியோடும் மல்லுக்கட்டினார்கள்.

நந்தி எய்ம்ஸில் செய்த இன்னொரு காரியத்தை அறுவைக்கு நிகராகவே வைக்கவேண்டும். 1988-இல் ‘நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியா’ என்ற இதழை எய்ம்ஸிலிருந்து தொடங்கி அதன் ஆசிரியரானார். இந்திய மருத்துவர்கள் மேலைநாட்டு மருத்துவர்களைவிட மிக அதிகமான நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஆனாலும் பார்த்ததை எழுதுவதில்லை. எழுதாத அனுபவம் அந்த மருத்துவரோடு போய்விடுகிறது. இந்த ஆதங்கம் அவரை விடவேயில்லை. 2016-இல் தன் இளைய சகாக்களோடு சேர்ந்து, 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்கள் என்ன எழுதின என்று எண்ணிப் பார்த்தார். 332 நிறுவனங்களிலிருந்து பத்து வருடங்களில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. அதாவது பாதிக்கும் மேல். ஆண்டுக்கு நூறு கட்டுரைகளுக்கு மேல் எழுதியவை வெறும் 25.

அடுத்த கட்டம் கல்லீரல் மாற்று. அதற்கு அறுவைத் திறன் மட்டும் போதாது, சட்டம் வேண்டும். மூளை இறந்துவிட்டால் மனிதர் இறந்துவிட்டார் என்று சட்டம் ஒப்புக்கொள்ளாத வரை, துடிக்கும் இதயத்தோடு இருப்பவரிடமிருந்து கல்லீரலை எடுக்க முடியாது. இன்னொரு பக்கம் சிறுநீரக வியாபாரம். சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று பத்திரிகைகள் எழுதும் அளவுக்கு, கடனில் மூழ்கிய குடும்பங்கள் உறுப்பை விற்றுக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் சேர்த்து 1994-இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. அதற்காக விடாமல் வாதாடிய மருத்துவர்களில் நந்தி முக்கியமானவர். சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த கையோடு, அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி எய்ம்ஸில் பி.வேணுகோபால் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தார். கல்லீரல் அவ்வளவு சீக்கிரம் வசப்படவில்லை. முதல் முயற்சிகள் தோல்வியில் முடிந்தன.

1996-இல் நந்தி எய்ம்ஸை விட்டு சர் கங்கா ராம் மருத்துவமனைக்குப் போனார். லாகூரில் பொறியாளர் கங்கா ராம் 1921-இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை, பிரிவினைக்குப் பிறகு அகதியாக வந்து தில்லியின் ராஜிந்தர் நகரில் 1954-இல் மறுபடி முளைத்தது. அங்கே இரண்டாம் முறையாக ஒரு துறையைக் கட்டத் தொடங்கினார். எய்ம்ஸில் அவரோடு இருந்தவர்கள் அங்குள்ள துறையைக் கலைய விடாமல் நடத்திக்கொண்டு போனார்கள். டி.கே.சட்டோபாத்யாய் உணவுக்குழாய் அறுவையில் பெயர் பெற்றார். பியூஷ் சஹ்னி பின்னாளில் ‘நேஷனல் மெடிக்கல் ஜர்னல்’ இதழின் ஆசிரியரானார். நிறுவியவர் போன பிறகும் நிற்கிறதா என்பதுதான் ஒரு துறைக்குப் பரீட்சை. அதில் அது தேறியது.

கல்லீரல் மாற்று கடைசியில் வென்றது இன்னொரு தில்லி மருத்துவமனையில். 1998 நவம்பர் 15-ஆம் தேதி, இந்திரபிரஸ்தா அப்போலோ. நோயாளி தமிழ்க் குழந்தை, ஊர் காஞ்சிபுரம். இரண்டு வயது நிறையவில்லை. பிறவியிலேயே பித்தநாளம் உருவாகாமல், பித்தம் வெளியேற வழியில்லாமல் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. தந்தை தன் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். எம்.ஆர்.ராஜசேகர், ஏ.எஸ்.சோயின் ஆகிய அறுவை மருத்துவர்களும், குழந்தை மருத்துவர் அனுபம் சிபலும் அந்தக் குழுவில் இருந்தார்கள். குழந்தை பிழைத்தது. வளர்ந்தது. இப்போது அவரே ஒரு மருத்துவர்.

அந்தத் தந்தையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இந்தியாவில் அதுவரை யாருக்கும் வெற்றிகரமாக நடக்காத ஓர் அறுவைக்கு, மொழி தெரியாத ஊரில், தன் உடம்பையும் பிள்ளையின் உடம்பையும் ஒரே நாளில் மேசையில் கிடத்தச் சம்மதித்தார். முன்னோடிகள் என்று பட்டியல் போடும்போது மருத்துவர்களின் பெயர்களோடு நிறுத்திவிடுகிறோம். முதல் நோயாளிகளும், முதலில் கொடுத்தவர்களும் அந்தப் பட்டியலில் வேண்டும். வியன்னாவில் பில்ராத்தின் முன்னால் படுத்த அந்தப் பெண்மணிக்கும் இது பொருந்தும். எய்ம்ஸின் 160 குழந்தைகளுக்கும் பொருந்தும்.

கல்லீரல் மாற்று வென்றதும் பணமும் சேர்ந்தே வந்தது. தனியார் மருத்துவமனைகளில் பல லட்சம் செலவாகும் அறுவையாக அது வளர்ந்தது. 160 குழந்தைகளுக்கு எய்ம்ஸில் செய்தபோது யாரும் கேட்காத கேள்வி, கல்லீரல் மாற்றில் முதல் கேள்வியாகிவிட்டது: எவ்வளவு ஆகும்? இதை நந்தி கண்டும் காணாமல் இருக்கவில்லை. மருத்துவத்தில் ஊழலைப் பற்றி 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அனிதா ஜெயின், கம்ரான் அப்பாஸி ஆகியோருடன் சேர்ந்து தலையங்கம் எழுதினார். 2018-இல் முன்னாள் சுகாதாரச் செயலர் கேசவ் தேசிராஜு, மும்பை அறுவை மருத்துவர் சஞ்சய் நாக்ரல் ஆகியோருடன் அதே பொருளில் பெரிய தொகுப்பு நூல் ஒன்றைப் பதிப்பித்தார். தன் தொழிலையே எதிர்த்துப் பேசுவதற்கு, அந்தத் தொழிலில் முழுக் கைத்திறனும் உள்ளவருக்குத்தான் துணிவு வரும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு ஆகும் என்ற அந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு வேறு வகையில் பதில் சொன்னது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்புகளைப் பெற்று, வரிசைப்படி பகிர்ந்தளிக்கும் அரசு ஏற்பாடு 2008-இல் உருவானது. அதே ஆண்டு செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் கொடுத்தார்கள். இதயத்தைச் சுமந்த வண்டிக்குச் சென்னைப் போக்குவரத்து வழிவிட்டது. அதற்குப் பிறகு உறுப்புதானம் வீட்டுத் திண்ணைப் பேச்சாகவே ஆனது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஆர்.சுரேந்திரன் தலைமையில் இரைப்பை குடல் அறுவைத் துறை கல்லீரல் மாற்றைத் தொடங்கியது. நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் செய்தார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் கல்லீரல் மாற்று சேர்க்கப்பட்டது. 1998-இல் காஞ்சிபுரத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு குடும்பம் தில்லிக்குப் போகவேண்டியிருந்தது. இப்போது அதே ஊரிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.